அளத்தலும் அறிதலும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. பொருள் ஒன்று தனக்குரிய அளவோடு முன்னரே உள்ளது; மரக்காலும் முழக்கோலும் துலாக்கோலும் அவ்வளவை நமக்கு அறிவிப்பனவேயன்றி அதனை ஆக்குவனவும் அல்ல, அழிப்பனவும் அல்ல என்னும் உறுதியே இப்பழமொழிக்கு அடிப்படையாகும். இவ்வுறுதி இல்லையாயின் வாணிகம் இல்லை; வழக்குமன்றம் இல்லை; வரியும் இல்லை. உலகியல் முழுவதும் இதன்மேலேயே நிற்கிறது எனலாம்.

நம் ஊராகிய புளியறை இவ்வுண்மையை நாள்தோறும் கண்முன் காட்டும் இடமாகும். தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் நோக்கிச் செல்லும் பெருவழியில், ஆரியங்காவுக் கணவாய்க்கு ஏறும் மலையடிவாரத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. குற்றாலத்து அருவிகள் ஆர்ப்பரிக்கும் ஆனி, ஆடித் திங்களில், அக்கணவாயினூடே வரும் சாரல் நம் வயல்களையும் நனைக்கும். மழைமானி வைத்து அச்சாரலை அளப்பவர், தம் குடுவையில் விழுந்த சில துளிகளைக் கொண்டு ஊருக்குப் பெய்த மழையை உரைப்பர். அவர் அளந்தமையால் மேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எல்லைச் சோதனைச்சாவடியில் லாரிகளை நிறுத்தித் தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பர். பார்த்தமையால் வாழைக்காய் வெண்டைக்காய் ஆகிவிடுவதில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர்த் தொடர்பு நீங்கிச் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தபோது, எல்லையளந்த கோடு இடம் மாறிற்று. ஊரும் வயலும் இருந்தபடியே இருந்தன.

எனினும், அளத்தல் பொருளை மாற்றாது என்னும் இவ்விதி எங்கும் செல்லும் விதியன்று என்பதனை இருபதாம் நூற்றாண்டின் பௌதிக சாஸ்திரம் நிலைநாட்டிற்று. முதலில் அணுவின் உள்ளே மட்டும் செல்லுவதாக எண்ணப்பட்ட அவ்வுண்மை, இக்காலத்தே மனிதன் தன் கையால் செய்யும் மின்சுற்றுகளிலேயே சோதித்தறியப்படுகிறது. 1984, 1985ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் பெர்க்லியில், கண்ணாற் காணத்தக்க அளவுள்ள மின்சுற்று ஒன்று அணுவினைப் போலவே குவாண்டம் விதிகளுக்கு அடங்கி ஒழுகுதலைக் காட்டிய ஜான் கிளார்க், மிஷேல் தெவோரே, ஜான் மார்டினிஸ் என்னும் மூவர்க்கும் 2025ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆகவே, இது தொலைநாட்டு ஞானிகளின் கற்பனை என்று ஒதுக்கத்தக்க விஷயம் அன்று.

நிற்க. இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்தை ஒளியாது கூறிவிடுகிறோம். நம் தெருவில் வாழும் மூதாட்டியார் ஒருவர் நெடுங்காலமாக நீரிழிவு நோயுடையவர். சென்ற ஆண்டு ஒரு மண்டபத்தில் நிகழ்ந்த சொற்பொழிவைக் கேட்டு வந்தார். பேசியவர், "பார்ப்பவனுடைய எண்ணமே பார்க்கப்படும் பொருளை உண்டாக்குகிறது என்று குவாண்டம் சாஸ்திரம் நிரூபித்துவிட்டது, நோயை அளக்க அளக்க நோய் உறைந்து நிலைபெறும், அளப்பதை விட்டு நலத்தையே எண்ணுக" என்று கூறினாராம். அம்மையார் இரத்தம் அளக்கும் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார், மருந்தையும் நிறுத்தினார். மூன்று வாரங்களுக்குள் காலில் புண் கண்டது. மருத்துவமனையில் உயிர் பிழைத்தார். ஒரு கால்விரலை இழந்தார். பேசியவர் கூறியது முழுப்பொய்யாயின் மறுப்பது எளிது. அது பாதி உண்மை. ஆதலின் அதனைப் பிரித்துக் காட்டுதல், பௌதிகம் பயின்றோர்க்கும் பயிற்றுவோர்க்கும் கடமையாகிவிட்டது.

கணிப்பொறியில் செய்தியின் மிகச் சிறிய கூறு பிட் எனப்படும். அது 0 அல்லது 1 என்னும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். குவாண்டம் விதிகளுக்கு அடங்கிய கூறோ கியூபிட் எனப்படும். அது 0 நிலையிலும் இருக்கலாம். 1 நிலையிலும் இருக்கலாம். இரண்டும் மேற்பொருந்திய நிலையிலும் இருக்கலாம். திண்மப் பொருளிற் செய்யப்படும் கியூபிட்டுகள் பலவகைப்படும். சிலிக்கானில் சிறைப்பட்ட எலெக்ட்ரானின் தற்சுழற்சி ஒருவகை. வைரத்தினுள் நைட்ரஜன் அணுவும் ஒரு வெற்றிடமும் அடுத்தடுத்து அமைந்த குறை மற்றொருவகை. பெரிதும் பயிலப்படுவது மீக்கடத்திச் சுற்று. சிலிக்கான் அல்லது நீலக்கல் தகட்டின்மேல் அலுமினியப் படலங்கள் இரண்டினிடையே மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று அமையும். 1962இல் இத்தகைய இணைப்பின் இயல்பை முன்னறிந்து கூறியவர் பெயரால் அது ஜோசப்சன் சந்தி எனப்படும். அச்சந்தியமைந்த சுற்றின் மிகத் தாழ்ந்த ஆற்றல்நிலை 0 எனவும், அதற்கு அடுத்த நிலை 1 எனவும் கொள்ளப்படும். இரண்டிற்கும் இடைப்பட்ட ஆற்றல், ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 500 கோடி முறை அதிரும் நுண்ணலைக்கு ஒத்தது. ஆதலின் அவ்வலையைத் தக்க கால அளவு செலுத்திச் சுற்றினை நாம் விரும்பிய நிலைக்குத் திருப்பலாம்.

இச்சுற்றினை 0.02 கெல்வின் அளவிற்குக் குளிர்வித்தே பயன்படுத்துவர். விண்வெளியெங்கும் நிறைந்த வெப்பமே 2.7 கெல்வின் ஆகையால், இது விண்வெளியினும் நூறு மடங்கிற்கு மேல் குளிர்ந்தது என்க. இத்துணைக் குளிர்ச்சி ஏன் வேண்டும்? வெப்பம் என்பது துகள்களின் ஓயாத மோதலே. மோதும் ஒவ்வொரு துகளும் தான் மோதிய பொருளின் நிலையைப் பற்றிய ஒரு குறிப்பை ஏந்திச் செல்கிறது. அவ்வாறு குறிப்பு வெளிச்செல்லுதலே மேற்பொருந்திய நிலையைக் குலைப்பது. இதனை நினைவிற் கொள்க. நம் வழக்கு முழுவதும் இதன்மேலேயே தீரும்.

இனி, மேற்பொருந்திய நிலை என்பது நம் அறியாமைக்கு இட்ட மறுபெயர்தானே என்று வினவுவார் உளர். தார்ப்பாய் மூடிய லாரியில் இருப்பது வாழைக்காயோ வெண்டைக்காயோ என நாம் அறியோம். ஆயினும் உள்ளே ஏதோ ஒன்று உள்ளது. கியூபிட்டும் அத்தன்மையதே ஆகலாம் அன்றோ என்பது அவர் வினா. நல்ல வினாவே. விடை கூறவல்லது ஓர் எளிய பரிசோதனை. 0 நிலையை 1 நிலையாக முற்றும் திருப்பும் நுண்ணலைத் துடிப்பை முழுத்திருப்பம் என்போம். அதிற் பாதியை அரைத்திருப்பம் என்போம். 0 நிலையிலுள்ள கியூபிட்டிற்கு ஓர் அரைத்திருப்பம் தந்து அளந்தால், நூறு முறையில் ஏறத்தாழ ஐம்பது முறை 0 வரும். ஐம்பது முறை 1 வரும். 1 நிலையிலிருந்து தொடங்கினும் அவ்வாறே. ஆகவே முதல் அரைத்திருப்பத்தின்பின் கியூபிட் மறைவாக 0 ஆகவோ 1 ஆகவோ இருந்ததாயின், இரண்டாம் அரைத்திருப்பம் தந்த பின்னரும் பாதிக்குப் பாதியே வருதல் வேண்டும். நிகழ்வதோ வேறு. இடையில் அளவாமல் இரண்டு அரைத்திருப்பங்களைத் தொடர்ந்து தந்தால், கருவிப் பிழை நீங்கலாக எப்பொழுதும் 1 என்னும் விடையே வருகிறது. லாரி உவமை ஈண்டுப் பொருந்தாமை காண்க.

இரண்டு திருப்பங்களுக்கும் இடையே ஒருமுறை அளந்துவிட்டாலோ, இறுதி விடை உடனே பாதிக்குப் பாதியாகி விடுகிறது. அளவை ஒன்று நடுவே புகுந்தமையால், இரண்டு நிலைகளுக்கும் இடையேயிருந்த ஒத்த தொடர்பு அறுந்தது. சொற்பொழிவாளர் கூறியதில் உண்மையான பாதி இதுவே. அளத்தல் கியூபிட்டின் நிலையை மாற்றுகிறது, இதில் ஐயமில்லை.

ஆயின், அளத்தல் என்பது யாது? இங்கேதான் பிழை நுழைகிறது. ஆய்வுக்கூடத்தில் எவரும் கியூபிட்டைக் கண்ணால் நோக்குவதில்லை, நோக்கவும் இயலாது. கியூபிட்டின் அருகே நுண்ணலை ஒத்ததிர்வி ஒன்று அமைக்கப்பட்டிருக்கும். கியூபிட் 0 ஆயின் அவ்வொத்ததிர்வியின் அதிர்வெண் ஒன்று. 1 ஆயின் சிறிது வேறு. சில ஃபோட்டான்களே கொண்ட மெல்லிய நுண்ணலை ஒன்றை அதனுள் செலுத்துவர். வெளிவரும் அலையின் கட்டம் சிறிதே முன்னோ பின்னோ விலகி நிற்கும். அவ்விலகலைப் பெருக்கிகளால் பெருக்கிப் பதிவு செய்வர். இதுவே அளவை. கோயில் மணியைத் தட்டி ஓசையால் அதன் உலோகத்தை அறிவதுபோல்வது எனலாம்.

இனி, தீர்ப்பளிக்கும் பரிசோதனைக்கு வருவோம். இரண்டு அரைத்திருப்பங்களுக்கும் இடையே அந்நுண்ணலையைச் செலுத்துக. ஆனால் வெளிவந்த அலையை எவரும் பதிவு செய்ய வேண்டா. பெருக்கியை அணைத்துவிடுக, அறையைப் பூட்டிவிட்டு அனைவரும் உணவருந்தச் செல்க. திரும்பி வந்து இறுதி விடைகளைத் தொகுத்தால் என்ன காண்போம்? அப்பொழுதும் பாதிக்குப் பாதியே! அலை கியூபிட்டின் நிலையைப் பற்றிய குறிப்பை ஏந்திக்கொண்டு வெளியே போயிற்று, அதுவே போதியது. அக்குறிப்பை ஒருவர் படித்தாரா, படித்தவர் நல்லெண்ணமுடையவரா, தீயெண்ணமுடையவரா என்பனவற்றை இயற்கை வினவுவதில்லை. மேலும், செலுத்திய அலையில் ஃபோட்டான்களைக் குறைத்து, 0, 1 என்னும் வேற்றுமை மங்கலாக மட்டும் தெரியுமாறு செய்தால், தொடர்பும் அம்மங்கலின் அளவிற்கேற்பவே குலைகிறது, முற்றும் குலைவதில்லை. குலைவின் அளவு ஃபோட்டான்களின் தொகையைப் பொறுத்ததேயன்றி, ஆய்வாளனுடைய சிந்தையின் ஒருமையைப் பொறுத்ததன்று. எண்ணத்திற்கு ஆற்றல் உண்டு என்று இதிலிருந்து முடிவு கட்டுவது, அலையின் செயலைப் பார்வையாளன் கணக்கில் எழுதுவதாகும்.

அளத்தல் எல்லாவற்றையும் கெடுப்பது என்னும் மற்றொரு தவறான எண்ணமும் களையத்தக்கது. மேற்கூறிய முறையில் 0 நிலையிலுள்ள கியூபிட்டை அளந்தால், அது பெரும்பாலும் 0 நிலையிலேயே நிற்கும்; மறுபடியும் உடனே அளந்தாலும் 0 என்றே விடை வரும். கெடுவது, 0, 1 என்னும் இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட கட்டம் ஒன்றே. ஒன்றை அறிய விழைபவன் அதனோடு இணைந்த மற்றொன்றை விலையாகத் தர வேண்டும். எதனை அறிகிறோமோ அதற்குத் தீங்கில்லை. எதனை அறியாது விட்டோமோ அதுவே போகிறது. இவ்விலை பேரம் பேசிக் குறைக்கத்தக்கதன்று. ஆயினும் எதற்கு விலை தருவது என்பது நம் தெரிவிற்கு உட்பட்டது.

இத்தெரிவினைத் திறம்படச் செய்தோருள் நம் நாட்டவரும் உளர். மென்மையாக அளந்தால் நிலை சிறிது சிறிதாகவே நகரும். அந்நகர்ச்சி முன்கூட்டி உரைக்க இயலாததாயினும், அளவையின் பதிவை இடைவிடாது வைத்திருப்பவனுக்கு அது எப்பக்கம் நகர்ந்தது என்பது தெரியும். தெரிந்தால் திருத்தலாம் அன்றோ? 2012ஆம் ஆண்டு பெர்க்லியில் இர்ஃபான் சித்திக்கியின் ஆய்வுக்கூடத்தில் ராஜாமணி விஜயராகவனும் பிறரும் இதனையே செய்து காட்டினர். மீக்கடத்திக் கியூபிட் 0, 1 என்னும் நிலைகளுக்கிடையே ஊசலாடுகையில், அதனை மென்மையாக அளந்துகொண்டே, பிறழ்ச்சியை உடனுக்குடன் திருத்தி, இயல்பாக அழிந்துபோகும் அவ்வூசலாட்டத்தை அழியாது நிலைநிறுத்தினர். அவ்விஜயராகவன் பின்னர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் குவாண்டம் அளவைக்கென ஓர் ஆய்வுக்கூடம் நடத்தலானார். அந்நிலையமும், பூனாவிலுள்ள பாதுகாப்புத்துறையின் இளம் விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடமும் சேர்ந்து, ஆறு கியூபிட்டுகள் கொண்ட மீக்கடத்திச் செயலி ஒன்றை முற்றும் சோதித்து முடித்த செய்தி 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியாயிற்று. 2008இல், மென்மையாக அளந்த அளவையை மறுதலையான மற்றொரு மெல்லளவையால் சிற்சில வேளைகளில் நீக்கி, பழைய நிலையையே மீட்கலாம் என்பதும் மீக்கடத்திக் கியூபிட்டில் காட்டப்பட்டது. 2019இல் யேல் பல்கலைக்கழகத்தார், நிலை மாறும் தாவலை இடைவழியிலேயே கண்டு திருப்பினர். இவையனைத்தும் கருவியின் நுட்பத்தாலும் பொறுமையாலும் நேர்ந்த வெற்றிகள். எவருடைய மனவலிமையாலும் நேர்ந்தனவல்ல.

இனி, "அளக்க அளக்க உறையும்" என்னும் கூற்றினை நோக்குவாம். இதற்கும் ஒரு மெய்யான வேர் உண்டு. அவ்வேர் நம் மலைக்கு அப்பாலிருந்து வந்தது. கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் 1931இல் பிறந்து, கோட்டயம் சி. எம். எஸ். கல்லூரியிலும் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற ஜார்ஜ் சுதர்சன், பைத்யநாத் மிஸ்ராவோடு சேர்ந்து 1977இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓரிடத்தில் நிற்பதாகலின் அஃது அசைவதே இல்லை என்று வாதித்த கிரேக்க ஞானியாகிய சீனோவின் பெயரால் அவ்விளைவு வழங்குகிறது. நம் போன்ற கல்லூரிகளின் வாங்குகளிலே அமர்ந்து பயின்ற ஒருவர் உலகப் பௌதிகத்தில் ஓர் இயலுக்கே வித்திட்டார் என்பது நம் மாணவர் நெஞ்சில் நிற்க வேண்டிய செய்தி. பிற்காலத்தில் சென்னையிலுள்ள கணித விஞ்ஞான நிலையத்தின் இயக்குநராகவும் அவர் பணிபுரிந்தார், 2018இல் மறைந்தார்.

அவ்விளைவின் கணக்கு மேல்நிலைப் பள்ளி மாணவரும் போடத்தக்கது. 0 நிலையிலிருந்து 1 நிலைக்கு முழுத்திருப்பம் நிகழ்ந்து கொண்டிருக்கிறது. இடையே அளவாது விட்டால் இறுதியில் 1 என்பது உறுதி. அத்திருப்பத்தைச் சமமான இரண்டு பகுதிகளாக்கி ஒவ்வொன்றன் முடிவிலும் அளந்தால், இரு முறையும் 0 என்றே காணும் நிகழ்தகவு நூற்றுக்கு 25. நான்கு முறை அளந்தால் 53. பத்து முறை அளந்தால் 78. நூறு முறை அளந்தால் 97க்கும் மேல். அடிக்கடி அளக்கப்படும் நிலை புறப்பட்ட இடத்தை விட்டு அகலாது நிற்கிறது. 1990இல் மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் சிறைப்பட்ட பெரிலியம் அயனிகளிலும், 2016இல் மீக்கடத்திக் கியூபிட்டிலும் இவ்வுறைவு சோதித்துக் காட்டப்பட்டது.

இவ்வுறைவுக்கு வேண்டும் நிபந்தனை யாதெனின், திருப்பம் சீராக நிகழ்ந்துகொண்டிருக்கும்போது, அத்தொடர்பு குலையுமுன்னரே அளவை மீண்டும் மீண்டும் புகுதல் வேண்டும் என்பதே. 0.02 கெல்வினில், பல உறைகளுக்குள் மூடிவைத்த கியூபிட்டிலேயே அத்தொடர்பு பெரும்பாலும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கு மேல் நிலைப்பது அரிது. மனித உடலோ ஏறத்தாழ 310 கெல்வினில் உள்ளது. குருதித் துளி ஒன்றிலுள்ள எண்ணற்ற மூலக்கூறுகள் கணந்தோறும் ஒன்றோடொன்று மோதி, ஒன்றன் நிலையை மற்றொன்று ஓயாது அளந்துகொண்டே உள்ளன. நாம் கருவியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அவ்வளவை நிகழ்ந்தே தீரும். அங்கே உறைவதற்குரிய குவாண்டம் தொடர்பு ஒன்றும் எஞ்சியிருப்பதில்லை. விரல்நுனியிற் குத்திய துளி அளவைக்குச் செலவாகிறது. உடலிலே ஓடும் குருதி அதனை அறிவதே இல்லை. புளியறையின் மழைமானி மேகத்தை மாற்றாதது போலவே, நீரிழிவு மானியும் நோயை மாற்றாது. அளவாமல் விட்டதால் நேர்ந்த கேட்டினை அவ்வம்மையாரின் கால் அறியும்.

இனி, நம் கருத்தை மறுப்போர்க்கும் இடம் தருவோம். "யூஜீன் விக்னர் போன்ற பெரும் பௌதிகப் புலவரே 1961இல் அறிவுடைய உயிரின் உணர்வினாலேயே அளவை முடிவுறும் என்று எழுதினாரன்றோ? பல கூறுகள் மேற்பொருந்திய நிலையிலிருந்து ஒரே விடை எவ்வாறு தோன்றுகிறது என்பது இன்றும் அறிஞரிடையே முடியாத வழக்கன்றோ?" என்பர். உண்மையே. அவ்வழக்கு முடியவில்லை, முடிந்ததாகக் கூறுதல் நேர்மையன்று. ஆயினும் விக்னரே பின்னாளில் அக்கொள்கையினின்று விலகினார் என்பதனையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். அதனினும் வலியதொரு விடை உண்டு. உணர்வினாலேயே அளவை முடிகிறது என்று ஒருகால் ஒப்புக்கொண்டாலும், எந்த விடை வரும் என்பதை அவ்வுணர்வு தெரிந்தெடுக்க இயலாது. பாதிக்குப் பாதி என்றால் பாதிக்குப் பாதியே. விரும்புவோனுக்கு 1 மிகுதியாகவும் விரும்பாதோனுக்கு 0 மிகுதியாகவும் வருவதில்லை. ஆகவே வாதம் எப்பக்கம் தீர்ந்தாலும், எண்ணத்தால் நோய் தீர்ப்பேன் என்பவர்க்கு அதில் ஒரு காசும் கிடையாது.

மற்றொரு சாரார், "இவையெல்லாம் நகரத்து நிலையங்களுக்கு உரியன, மலையடிவாரத்து மாணவர்க்கு இவற்றால் ஆவதென்ன?" என்பர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் மத்திய அமைச்சரவை, 2030-31ஆம் ஆண்டு வரை நடைபெறத்தக்க தேசியக் குவாண்டம் இயக்கத்திற்கு 6003.65 கோடி ரூபாய் ஒதுக்க இசைந்தது. அவ்வியக்கத்தின் நான்கு மையங்களுள் ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்தது. இப்பெரும்பொருள் பொதுமக்களுடையது. இதற்கு வேண்டும் ஆய்வாளரும் கருவி செய்வோரும் நகரங்களிலிருந்து மட்டும் வருதல் வேண்டும் என்னும் விதி இல்லை. மேலே காட்டிய அரைத்திருப்பக் கணக்கிற்கு வேண்டுவன கோணவியலும் சிறிது கலப்பெண்ணுமே. அவை பள்ளியிலேயே கற்பிக்கப்படுவன. ஆனால் நம் வகுப்புகளில் நிகழ்வது யாது? "பார்த்தால் மாறும்" என்னும் ஒரு வாக்கியத்தை வியப்பிற்காகக் கூறிவிட்டு, அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். அவ்வாக்கியமே வகுப்பினின்று வெளியேறி, மண்டபத்து மேடையில் ஏறி, மருந்தை நிறுத்துமாறு கட்டளையிடுகிறது. குற்றம் மேடையில் நின்றவருடையது மட்டுமன்று. அவ்வாக்கியத்தை அரைகுறையாக விட்ட நம்முடையதும் ஆகும்.

ஆதலின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நாம் வேண்டுவது இதுவே. குவாண்டம் பாடத்தில் "பார்த்தல்" என்னும் சொல்லை அறவே விடுத்து "அளத்தல்" என்னும் சொல்லையே ஆளுக. அளவை என்று எவர் கூறினும் மூன்று வினாக்களைக் கேட்க. அளக்கப்பட்டது எது? எக்கருவியால் அளக்கப்பட்டது? அதன் குறிப்பு எங்கே சென்று பதிந்தது? இம்மூன்றிற்கும் விடை கூறுவோர் பௌதிகம் பேசுகின்றார். கூற இயலாதோர் வேறு ஏதோ பேசுகின்றார். கல்லூரி மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்க்குச் செல்லும்போது, இதனைத் தமிழில், தம் தாயார்க்கும் பாட்டியார்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பாராயின், அதுவே பட்டத்தினும் சிறந்த பயன் ஆகும்.

அறிவுடையோர் செய்யும் ஒரு வகை அளவையைக் கூறி முடிப்போம். குவாண்டம் கணிப்பொறிகளில் பிழை திருத்துவோர் ஒவ்வொரு கியூபிட்டையும் தனித்தனியே அளப்பதில்லை. அளந்தால் அதில் வைத்த செய்தி அழியும். "நீங்கள் இருவரும் ஒத்திருக்கிறீர்களா, மாறுபட்டிருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்கிறார்கள். யாவர் என்ன கூறினர் என்பது மறைவிலேயே இருக்கும். பிழை எங்கே நேர்ந்தது என்பது மட்டும் வெளிப்படும். 2024இல் கூகுள் நிறுவனத்தார் 105 கியூபிட்டுகள் கொண்ட சில்லில் இம்முறையைக் கையாண்டு, கியூபிட்டுகளைப் பெருக்கப் பெருக்கப் பிழை குறைதலைக் காட்டினர். எவ்வளவு அளக்க வேண்டுமோ அவ்வளவே அளந்து, அளவாதிருக்க வேண்டியதை அளவாதிருத்தலும் அறிவே என்பது இதனாற் போதரும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற நம் முன்னோர், எதனை எதனால் அளப்பது என்று தெரிந்தே அளந்தவர்கள்.

நம் தெருவின் அம்மையார் பெட்டியைத் திறந்து கருவியை வெளியே எடுத்துவிட்டார். இப்பொழுது மருத்துவர் கூறியவாறு காலையும் மாலையும் அளந்து, பேரன் வாங்கித் தந்த குறிப்பேட்டில் எழுதிவருகின்றார். எண் ஏறினால் உணவைத் திருத்துகின்றார், இறங்கினால் மகிழ்கின்றார். அளந்து, பதிந்து, திருத்துதல் என்னும் அம்முறையே பெர்க்லியில் ஒரு கியூபிட்டின் ஊசலாட்டத்தை அழியாது காத்ததும் ஆகும் என்று நாம் கூறியபோது, அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் என்னையும் அந்தக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார்.